ஒன்றாம் வகுப்பை வீட்டிலேயே படித்த பிள்ளைகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு மாணவி வீட்டுக்கு வந்திருந்தாள். மாணவி என்கிறேன், இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கலாம் என்று கேட்கத்தான் வந்தாள். வெளியே சாரல். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை மேஜையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தது. கொஞ்சம் திணறினாலும் வாசித்துவிட்டது. "நல்லாத்தான வாசிக்கா" என்றேன். தாய்க்காரி அழுதுவிட்டாள்.

"அந்த கொரோனா வருசத்துல இவள நான் அடிச்ச அடிய நெனச்சா இப்பமும் எனக்குக் கை நடுங்குது சார். நீங்க ஒரு டைம்டேபிள் அனுப்புனீங்கள்லா, அத எழுதி செவுத்துல ஒட்டி வச்சேன். அதுபடி இவ உக்காரலன்னா கோவம் தலைக்கு ஏறிரும்."

பிள்ளை தலையை நிமிர்த்தி, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றது. பொய்யா, மெய்யா, எனக்குத் தெரியாது. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆமாம், அந்த டைம்டேபிளை அனுப்பியது நான்தான். 2020 ஜூன் கடைசியில் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காலை 6 மணிக்கு எழுப்ப வேண்டும், 9 முதல் 10 தமிழ், 10 முதல் 11 கணக்கு, மாலையில் உடற்பயிற்சி, இரவு நீதிக்கதை. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அறிவுரை சொல்லாமல் இருக்க முடியாது. நாற்பது பேர் கும்பிடும் கை போட்டார்கள். அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வரலாறு நடத்தியவன் நான். ராஜாக்கள் பட்டத்துக்கு வந்த ஆண்டுகளை உங்களை ஒப்பிக்க வைத்தேன். 2020-ல் நம் தெருவில் நடந்ததை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

முதலில் காலவரிசை. அதை விட்டால் எனக்குப் பேச வராது.

நம் தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-ல். புதிய மாவட்டத்துக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை, 2020 மார்ச் நடுவில் பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டார்கள். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. 24-ம் தேதி மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை. ப்ளஸ் டூ பிள்ளைகள் கடைசிப் பரீட்சையை எழுதியது அதே நாளில்தான். மறுநாள் முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. 21 நாள்தானே என்று எல்லோரும் நினைத்தோம். ஏப்ரலில் புளியங்குடியில் தெருக்களை அடைத்தபோதுதான் இது நம் பக்கத்திலும் வந்துவிட்டது என்று உறைத்தது. முந்தைய வருடம் வரை ஒரே மாவட்டமாக இருந்த திருநெல்வேலிக்குப் போக ஜூலையிலும் ஆகஸ்டிலும் இ-பாஸ் வாங்க வேண்டி இருந்தது. பெற்ற தாயைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போக முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்று மார்ச் 25-லேயே அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். தாய்மாருக்கு அதோடு நிம்மதி போனது. அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூட வகுப்பில் முதன்முதலாக உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் அது இரண்டாம் வகுப்பில் பாதியைக் கடந்திருந்தது. "அ" எழுதக் கைபிடித்துக் கொடுத்தது வாத்தியார் அல்ல, பெற்றவள். 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனது அந்தப் பிள்ளைகள்தான். என் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்தவளும் அதில் ஒருத்தி.

இப்போது அந்த வீட்டுக்குள் போவோம்.

நம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மடியில் பீடித் தட்டு இருக்கும். ஆலங்குளம், கடையம், சுரண்டை, முக்கூடல், எங்கும் இதே கதை. 1000 பீடி சுற்றினால் இவ்வளவு என்று கூலி. அதை நம்பித்தான் குழுக்கடனும், பிள்ளையின் வேன் கட்டணமும், மளிகைக்கடைப் பற்றும். ஊரடங்கு வந்ததும் பீடிக் கம்பெனிகள் மூடின. வடக்கே இருந்து இலை வர வேண்டும், லாரி இல்லை. தூள் இல்லை. வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. லோடு வண்டி ஓட்டுபவர், கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர், குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர், எல்லோரும் வீட்டில். புளியரை சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. அருவிகளை அடைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு சீசன் வந்தது, தண்ணீர் கொட்டியது, பார்க்க ஆள் இல்லை. சீசன் நாலு மாதத்தில் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்களுக்கு அது என்ன வருடமாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அரசு ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு கணக்கை யாரும் போடவில்லை. பள்ளிக்கூடம் மூடினால் மூடுவது வகுப்பறை மட்டுமா? மத்தியானச் சோறும் நிற்கிறது. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவாக விரித்ததும் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். நானே நடத்தியிருக்கிறேன். அந்தத் திட்டம் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது என்று மட்டும்தான் சொல்லித் தந்தேன். அதன் மறுபாதி ஊரடங்கில்தான் எனக்கே தெரிந்தது. வாரத்தில் ஐந்து நாள் மத்தியானம் ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன போடுவது என்று யோசிக்காமல் இருக்க முடிந்தது. அந்த யோசனை திரும்பி வந்தது, வருமானம் நின்ற அதே வாரத்தில். பிறகு சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பள்ளி வாசலில் இடைவெளி விட்டு வட்டம் போட்டு, பையோடு தாய்மார் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். பையில் வந்த அரிசி பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு. வீட்டில் அது எத்தனை பேருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பிள்ளை வளர்ப்பது ஒருபோதும் இரண்டு பேர் வேலையாக இருந்ததில்லை. ஆச்சி தலை சீவிவிடுவாள். மதினி சோறு ஊட்டுவாள். பால்வாடியில் மத்தியானம் வரை. பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் தெரு. வெயில் தாழ்ந்தால் சிற்றாற்றுப் பக்கம் ஒரு கூட்டம். இப்படி ஆள் மாற்றி ஆள் தூக்கித்தான் பிள்ளை வளர்ந்தது. 2020-ல் ஒவ்வொரு கையாக எடுத்துவிட்டார்கள். பால்வாடி மூடியது. பள்ளி மூடியது. தெருவுக்குப் போகாதே. ஆச்சிகிட்டப் போகாதே, அவளுக்கு மூச்சு முட்டிரும். ஐந்து பேர் சுமந்ததை ஒருத்தி சுமந்தாள், அதுவும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் என் டைம்டேபிள்.

தொற்று நோய் நமக்குப் புதிதா என்றால், இல்லை. நெல்லைச் சீமையில் கோபம் வந்தால் "பேதீல போவான்" என்று திட்டுவது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அந்த வார்த்தைக்காகப் பிரம்படி வாங்கியவர்களும் இதை வாசிக்கிறார்கள்! காலரா இந்த மண்ணை எத்தனை தடவை உழுதுவிட்டுப் போனது என்பதற்கு அந்த ஒரு வசவே சாட்சி. அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. தனிமைப்படுத்தல் என்ற சொல் வருவதற்கு முன்பே அந்த ஒழுங்கு நம்மிடம் இருந்தது. ஆனால் அம்மை கண்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வாசலில் இளநீரும் கூழும் வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற பிள்ளைகளைச் சித்தி வீட்டில் கொண்டுவிடுவார்கள். ஒரு வீடு முடங்கினால் பத்து வீடு நடக்கும். கொரோனாவில் பத்து வீடும் ஒன்றாக முடங்கியது.

அப்படி எல்லா வீடும் ஒன்றாக முடங்கியது அதற்கு முன்பு 1918-ல். முதல் உலகப்போர் முடியும் நேரம், பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை சாவு இல்லை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. வழக்கமான காய்ச்சல் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் கொண்டுபோகும். அது 20 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களைக் குறிவைத்தது. அதாவது தாய் தகப்பன்மாரை. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி அப்போது எட்டு வயதுப் பிள்ளை. அவளைப் பெற்றவள் ஐப்பசி மழையில் மூன்றே நாளில் போய்விட்டாளாம். பெரியம்மை ஒருத்திதான் அவளையும் அவள் தம்பியையும் எடுத்து வளர்த்தாள். ஆச்சி தொண்ணூறு வயது வரை இருந்தாள். இந்தக் கதையை நாங்கள் கேட்டால்தான் சொல்வாள். கேட்காத நாளில் சொன்னதில்லை. அவள் வளர்ப்புத் தாய் என்ன பாடுபட்டாள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. 1918 பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்தது போர் மட்டும்தான், நான் நடத்தியதும் அது மட்டும்தான்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

தனியார் பள்ளிகள் ஜூனிலேயே ஆன்லைன் வகுப்பைத் தொடங்கிவிட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டு முதல் கல்வித் தொலைக்காட்சி. அந்த அலைவரிசையை 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. மத்திய அரசின் வழிகாட்டுதல் ஜூலையில் வந்தது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடமாக இரண்டு வகுப்புக்கு மேல் வேண்டாம், மழலையர்க்கு அரைமணிக்கு மேல் வேண்டாம் என்று. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பள்ளி, பெயர் வேண்டாம், யு.கே.ஜி. பிள்ளைக்குச் சீருடை போட்டு உட்கார வைக்கச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். மேலே சட்டை, கழுத்துப்பட்டை. கீழே ஜட்டி. சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மிஸ் கேட்ட கேள்விக்குக் காதோடு பதில் சொல்லிக்கொடுத்த தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பரீட்சை அவளுக்குத்தான் நடந்தது.

ஒரு வீட்டில் ஒரு போன். அதுவும் வீட்டுக்காரர் கையில். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு, மூன்றுக்கும் பத்து மணி. நாடு முழுக்கக் கிராமப்புறத்தில் எடுத்த அசர் கணக்கெடுப்பில், 2018-ல் 36.5 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2020-ல் அது 61.8 சதவீதம். இரண்டு வருடத்தில் என்ன முன்னேற்றம் என்று சிலர் எழுதினார்கள். அந்தப் போன்களில் பல எப்படி வந்தன என்று அடகுக்கடைக்காரரிடம் கேட்டால் தெரியும். காதில் கிடந்த கம்மல் போனாக மாறியது. அந்தப் போனிலேயே பிள்ளை விளையாட்டு கற்றுக்கொண்டதும், அதைப் பிடுங்கப்போய்ச் சண்டை வந்ததும், இன்றுவரை அந்தச் சண்டை ஓயாததும் தனிக்கதை. சிக்னலுக்காக மொட்டை மாடியிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏறியவர்கள் நம் ஊரிலேயே உண்டு.

பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். பரீட்சை மார்ச் 27-ல் தொடங்க வேண்டியது. முதலில் ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். பிறகு ஜூன் 1. பிறகு ஜூன் 15. கடைசியில் ஜூன் 9-ம் தேதி முதலமைச்சர் பழனிசாமி பரீட்சையே இல்லை என்று அறிவித்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம். மார்ச் 27 முதல் ஜூன் 9 வரை எண்ணிப் பாருங்கள், 74 நாள். பதினைந்து வயதுப் பையனை, எப்போது என்றே தெரியாத பரீட்சைக்கு 74 நாள் "படி, படி" என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நினைத்துப் பாருங்கள். அரையாண்டில் விட்டதை முழுஆண்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்த பிள்ளைகளுக்கு அந்த வழியும் அடைபட்டது. ரத்து செய்தது சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இழுத்தடித்ததைத்தான் குறை சொல்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறாக இருக்காது. டாஸ்மாக் கடைகள் மார்ச் 24 முதல் மே 7 வரை மூடியிருந்தன. அந்த 40 சொச்ச நாள் கையில் காசில்லை, வேலையில்லை, ஆனால் ராத்திரி வீட்டில் சத்தமில்லை என்று என்னிடம் சொன்ன பெண்கள் ஒருவர் இருவர் அல்ல. மே 7-ல் திறந்தார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது, மே 16-ல் மறுபடி திறந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், மருமகள் திட்டுவாள்.

தனியார் பள்ளிக் கட்டணத்தில் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கலாம் என்று ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. கட்ட முடியாதவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குக் கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று ராத்திரியில் விசாரிக்க வந்தவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் அந்தத் தனியார் பள்ளி ஆசிரியைகளுக்குப் பாதிச் சம்பளம், அல்லது அதுவும் இல்லை. காலையில் ஊரான் பிள்ளைக்குப் போனில் பாடம் நடத்திவிட்டு, தன் பிள்ளைக்கு நடத்த மூச்சு இல்லாமல் கிடந்தவர்களும் பெற்றோர்தான்.

2021 மே மாதத்தை வேகமாகக் கடந்துவிட விரும்புகிறேன். இதை வாசிப்பவர்களில் யார் யார் வீட்டில் விளக்கு அணைந்தது என்று எனக்குத் தெரியும். ஹைகிரவுண்டில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்தவர்கள் இருக்கிறீர்கள். தாய்க்குத் தொற்று வந்தால் கைப்பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த மாதத்தில் பதில் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் தாய், பதினான்கு நாள். மே 29-ல் முதலமைச்சர் ஸ்டாலின் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஒருவரை இழந்திருந்தால் மிஞ்சியிருக்கும் பெற்றோருக்கு 3 லட்சம். என் ஆச்சியின் நினைவு வந்தது. 1918-ல் அவளுக்குப் பெரியம்மை மட்டும்தான் இருந்தாள். நூறு வருடத்தில் அரசாங்கம் என்று ஒன்று அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கவாவது கற்றிருக்கிறது. 18 வயது ஆகப்போகிற பிள்ளைகள் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் நான் கூட வருகிறேன்.

பள்ளி திறந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2021 செப்டம்பர் 1-ல் பெரிய வகுப்புகள், நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகள். ஜனவரியில் ஒமிக்ரான் என்று மறுபடி மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நம் மாணவிகள் பலர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். மாதம் 1000 ரூபாய். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் தன் பிள்ளைக்கு ஒரு வருடம் வீட்டில் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் வந்தவர்கள். பட்டப்படிப்பைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பீடி சுற்றியவர்கள் சாக்பீஸ் பிடித்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது.

அந்த ஆண்டு அசர் அறிக்கையில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-ல் 10.2 சதவீதம், 2022-ல் 4.8 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தால் 27.3-லிருந்து 20.5. கற்றல் இழப்பு என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. 2018-லேயே நூற்றுக்குப் பத்துப் பேர்தான் வாசித்தார்கள் என்றால், அந்த வெட்கம் கொரோனாவுடையது அல்ல, எங்களைப் போன்ற வாத்தியார்களுடையது. பள்ளியே நடக்காத ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு ஐந்து பிள்ளை வாசித்தது என்றால், அதற்கு வீட்டில் யாரோ காரணம். அவள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

அடித்ததைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். என் காலத்தில் நானும் பிரம்பு எடுத்தவன். அது தப்பு என்று மாணவர்கள்தான் பிற்பாடு எனக்கு உணர்த்தினார்கள். ஆனால் அந்த மாணவி வீட்டில் பீடி நின்று, வருமானம் நின்று, மத்தியானச் சோறு நின்று, மாமியாரைத் தனியறையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, ஒரே போனைப் பிடுங்கிச் சண்டை போட்டு, அதற்கு நடுவே 10 முதல் 11 கணக்கு என்று சுவரைப் பார்த்தாள். அந்தக் காகிதத்தை எழுதியவன், பென்ஷன் மாதம் தவறாமல் வங்கியில் விழ, மாடியில் மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து எழுதினான்.

அதை அவளிடம் சொன்னேன். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார், அது இருந்ததாலதான் நான் ஏதோ சொல்லிக்குடுத்தேன்" என்றாள். மரியாதைக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. போகும்போது, அந்த வருடம் பிள்ளைக்கு எழுதிப்போட்ட நோட்டு இன்னும் பரணில் கிடப்பதாகச் சொன்னாள். பீடிக் கம்பெனியில் கொடுத்த பழைய கணக்கு நோட்டாம். முன்பக்கம் இலை, தூள் வரவு. பின்பக்கம் அ, ஆ, இ.

அதைக் கொண்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள்.